பொத்தானுக்கும் பாட்டுக்கும் பேரு வச்ச கதை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா இளையாத்தங்குடி. கீழச்சிவல்பட்டிக்குப் பக்கம். வளவுல டிவிக்குப் பக்கத்துல ஒரு பழைய பொட்டியை வச்சு, அதுல வீட்டுல இருக்கிற பாட்டு, கேசட், போட்டோ, கல்யாண வீடியோ எல்லாத்தையும் ஏத்தி ஒரு நூலகம் மாதிரி பண்ணிட்டேன். கீபோர்டு, மவுஸ்னா அப்பத்தா தொட மாட்டாங்க. அதனால ரிமோட்டுக்குப் பதிலா ஒரு கேம் கன்ட்ரோலர். சோபாவுல உக்காந்துகிட்டே ஓட்டலாம் பாருங்க.

பெருமையா ஆன் பண்ணிக் காட்டினேன். ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, திரையில வரிசையா "தெரியாத பாடகர் - தெரியாத ஆல்பம் - டிராக் 01" அப்படின்னு நாப்பது தடவை வந்துச்சு. ரெண்டு, யாரும் கன்ட்ரோலரைத் தொடாமலே பட்டியல் மேல மேல ஓடிகிட்டே இருந்துச்சு.

அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏந் தம்பி, பேரும் தெரியல, நிக்கவும் மாட்டேங்குது. இதுக்கா ஒரு வாரமா ராத்திரி பகலா முழிச்ச?" அப்படின்னாங்க. ஆபீஸ்ல எத்தனையோ பேர் என் கோடை ரிவியூ பண்ணியிருக்காங்க. இவ்வளவு சுருக்கமா யாரும் பண்ணினது இல்லை :-)

ரெண்டும் தனித்தனி பிரச்சனைன்னுதான் நினைச்சேன். ஒண்ணு நூலகம் சம்பந்தப்பட்டது, இன்னொண்ணு ஹார்டுவேர். பொங்கல் லீவு பூரா நோண்டினப்பதான் புரிஞ்சுது, ரெண்டும் ஒரே வியாதி. யாரோ ஒருத்தர் சரியா பேர் வைக்காம விட்டதால வந்த வினை. அந்த வரலாற்றைத்தான் இந்தப் பதிவுல கொசுவர்த்தி சுத்தப் போறேன். கொஞ்சம் நீளம். காபி எடுத்துகிட்டு வந்துடுங்க.

விலாசம்

முதல்ல எங்க ஊர்ப்பக்கத்துப் பழக்கம் ஒண்ணு சொல்லணும். நகரத்தார்களோட ஒன்பது கோவில்கள்ல இளையாத்தங்குடியும் ஒண்ணு. அந்த ஒரு கோவிலுக்குள்ளயே ஏழு பிரிவு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேற. அப்ப என்ன ஆகும்? ஒரே தெருவுல அஞ்சு சிதம்பரம், ஏழு ராமநாதன். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வட்டிக்கடை வச்சப்ப, எந்த ராமநாதனோட ஹுண்டி இதுன்னு தெரியலைன்னா பணமே கை மாறிப்போயிடும். அதுக்காகத்தான் பேருக்கு முன்னாடி நாலஞ்சு எழுத்துல தலைமுறை இனிஷியல்களைக் கோத்து 'விலாசம்' வச்சாங்க. எழுத்தையும் வரிசையையும் சேர்த்துப் பார்த்தா ஆள் யாருன்னு சொல்லிடலாம். பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா யூனிக் ஐடி.

எங்க ஐயாவோட டிரங்குப்பெட்டியைத் திறந்தப்ப உள்ளே இருந்த கிராமபோன் பிளேட்டு உறை ஒவ்வொண்ணுலயும் எங்க வீட்டு விலாசம் மையால எழுதியிருந்துச்சு. யாராவது இரவல் வாங்கிட்டுப் போனாத் திரும்பி வரணும்ல. ஆனா கேசட்டுங்க மேல ஒண்ணும் எழுதலை. அந்தக் கதைக்குக் கடைசியில வரேன்.

பிளேட்டுன்னு சொன்னதும் காரைக்குடியைச் சொல்லாம இருக்க முடியாது. ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க குடும்பக் கடையில வித்த சரக்குல கிராமபோன் தட்டும் ஒண்ணு. அதுக்கப்புறம் சென்னையில சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஒடியன் கம்பெனி தட்டுகள், அப்புறம் படம். போர்க்காலத்துக்குப் பின்னாடி ஸ்டூடியோவையே காரைக்குடிக்குக் கொண்டு வந்து 1947ல வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்தார். ஆக, ஒலியைப் பதிஞ்சு, பேர் ஒட்டி, ஊருக்கு ஊர் விக்கிற தொழில் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை.

78 தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூணு நிமிஷம்தான் பாடும். நடுவுல ஒட்டியிருக்கிற வட்டக் காகிதத்துல பாட்டோட முதல் அடி, பாடினவர், ராகம், தாளம், தட்டு எண் எல்லாம் அச்சடிச்சிருப்பாங்க. தட்டு உடையிற வரைக்கும் பேர் அது கூடவே இருக்கும். இன்னிக்கு நாம 'மெட்டாடேட்டா'ன்னு பெரிய வார்த்தையில சொல்றோமே, அது அந்த வட்டக் காகிதம்தான்.

இன்னொருத்தர் கோட்டையூர் ரோஜா முத்தையா. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். விளம்பரப் பலகை எழுதின ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992ல அவர் காலமானப்ப கோட்டையூர்ல இருந்தது சுமார் ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்கு அள்ளிட்டுப் போகாம சென்னையிலயே வச்சு, 1994ல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. மைக்ரோபிலிம் எடுத்ததோட விடலை. ஒவ்வொண்ணுக்கும் தலைப்பு, ஆசிரியர், வருஷம்னு அட்டவணை போட்டாங்க. குவியலா கிடந்தது நூலகம் ஆனது அந்த அட்டவணையாலதான். அதுவரைக்கும் எது எங்கே இருக்குன்னு முத்தையா அவர்களோட தலைக்குள்ள இருந்திருக்கும். அவர் போனா அதுவும் போயிடும்.

முப்பது பைட்டுல அடங்காத ஊர்

இப்ப என் பொட்டிக்கு வருவோம். தெரியாத பாடகர் எங்கேர்ந்து வந்தார்?

ஆடியோ சிடி 1982ல வந்துச்சு. அதுல பாட்டு இருக்கு, நேரம் இருக்கு, பாட்டோட பேர் கிடையாது! பேரை உறையில அச்சடிச்சாப் போதும்னு நினைச்சுட்டாங்க. கம்ப்யூட்டர்ல சிடி போட ஆரம்பிச்சதும் 'டிராக் 01, டிராக் 02'ன்னு வந்துச்சு. அப்பதான் 90கள்ல சிடிடிபி. ஒவ்வொரு பாட்டோட நீளத்தையும் வச்சு ஒரு எண் கணக்குப் போட்டு, அந்த எண்ணுக்கு எதிரே பேரை உலகம் பூரா ஜனங்க சும்மா தட்டச்சு பண்ணிச் சேர்த்தாங்க. அப்புறம் அது கம்பெனி சொத்து ஆகி, உரிமம் வாங்கணும்னு ஆச்சு. எழுதினவங்களுக்கு வயித்தெரிச்சல். அதுக்குப் பதிலா ப்ரீடிபி வந்துச்சு, அதுவும் 2020ல மூடியாச்சு. மியூசிக்பிரெய்ன்ஸ் இன்னும் இருக்கு. ஆனா காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு டிரங்குப்பெட்டி கேசட்டு அதுல எப்படி இருக்கும்?

எம்பி3 கதை இன்னும் வேடிக்கை. அந்த பார்மட்டுலயும் முதல்ல பேருக்கு இடம் இல்லை. 1996ல எரிக் கெம்ப்ங்கிறவர் ஒரு தந்திரம் பண்ணினார். பைலோட வால்ல 128 பைட்டை ஒட்டினார். அதுதான் ஐடி3. 'டேக்'ங்கிற மூணு எழுத்து, தலைப்புக்கு 30 பைட்டு, பாடினவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. கூட்டிப் பாருங்க, 128 வரும். அந்த வகைக்கு முதல்ல குறிச்ச 80 பேர்ல போல்கா உண்டு, கர்நாடக இசை கிடையாது.

முப்பது பைட்டுங்கிறது இங்கிலீஷுக்கு முப்பது எழுத்து. யூடிஎஃப்-8ல தமிழ்க் குறியீடு ஒண்ணுக்கு மூணு பைட்டு. கொம்பு, கால், புள்ளி ஒவ்வொண்ணும் தனிக் குறியீடு. அப்ப பத்துதான் அடங்கும். 'இளையாத்தங்குடி'ன்னு எழுதிப் பார்த்தேன். 14 குறியீடு, 42 பைட்டு. எங்க ஊர் பேரே உள்ளே போகலை! 'இளையாத்தங்'ன்னு புள்ளியோட நின்னுடுச்சு.

அதை விடக் கொடுமை, அந்த 30 பைட்டு எந்த எழுத்துக் குறியீட்டுலன்னு எங்கேயும் சொல்லலை. மூத்த பதிவர்களுக்கு ஞாபகம் இருக்கும். திஸ்கி, டாப், டாம், அது போக எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. ஆளாளுக்கு அவங்கவங்க எழுத்துருவுல பேர் எழுதி வச்சாங்க. அந்த எழுத்துரு இல்லாத பொட்டியில திறந்தா ஐரோப்பாக்காரன் தும்மின மாதிரி தெரியும். 1999ல வந்த ஐடி3யோட 2.3 பதிப்புல யூனிகோடு இருந்துச்சு, 2000ல 2.4 பதிப்புல யூடிஎஃப்-8 வந்துச்சு. நீளத் தொல்லையும் தீர்ந்துச்சு. ஆனா பழைய வாலும் புதுத் தலையும் ஒரே பைல்ல சேர்ந்து இருக்கலாம். சில ப்ளேயர் தலையைப் படிக்கும், சில ப்ளேயர் வாலைப் படிக்கும். எங்க சித்தப்பா 2003 வாக்குல வாங்கி வச்ச எம்பி3 சிடிக்கள்ல பாதி இந்தக் கேஸ்தான்.

பின்பக்கத்து மஞ்சள் ஓட்டை

இனி கன்ட்ரோலர். இதுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னா, ரெண்டும் ஒரு காலத்துல ஒரே சவுண்ட் கார்டுல குடித்தனம் பண்ணினவங்க.

1981ல ஐபிஎம் பிசி வந்தப்ப கேம் கன்ட்ரோல் அடாப்டர்னு தனியா ஒரு கார்டு வித்தாங்க. 15 ஊசி போர்ட்டு. ஜாய்ஸ்டிக்குக்கு உள்ளே இருந்தது ரேடியோ வால்யூம் குமிழ்ல இருக்கிற அதே மாதிரி மின்தடை. குச்சியை நகர்த்தினா மின்தடை மாறும், அதுக்கு ஏத்தபடி ஒரு டைமர் சிப் ஆப் ஆகிற நேரம் மாறும். கிட்டத்தட்ட 24 மைக்ரோ செகண்டுல இருந்து 1.1 மில்லி செகண்டு வரைக்கும். ப்ராசஸர் 'ஆப் ஆச்சா, ஆப் ஆச்சா'ன்னு கேட்டுகிட்டே எண்ணும். எத்தனை எண்ணினோமோ அதுதான் குச்சி இருக்கிற இடம். ப்ராசஸர் வேகமானா எண்ணிக்கையும் கூடும். அதனாலதான் ஒவ்வொரு பொட்டியிலயும், ஒவ்வொரு கேம்லயும் 'குச்சியை நாலு மூலைக்கும் சுத்து, இப்ப நடுவுல விடு' அப்படின்னு காலிபரேஷன் பண்ணச் சொல்லுவாங்க.

1989ல சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டர் கார்டுல இந்த 15 ஊசி போர்ட்டையும் சேர்த்து வச்சுச்சு. உபரியா இருந்த ரெண்டு ஊசியில மிடி இசைக்கருவிக்கு வழி விட்டாங்க. பாட்டும் விளையாட்டும் ஒரே கார்டு. தனிக் கார்டு வாங்குற தொல்லை போச்சு. பின்னாடி வந்த நிறக் கணக்குல லைன்-இன் நீலம், மைக் ரோஸ், ஸ்பீக்கர் பச்சை, ஜாய்ஸ்டிக் போர்ட்டு தங்க மஞ்சள்.

2006ல, நான் நாலாவது படிக்கும்போது, எங்க வீட்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பொட்டி வந்துச்சு. விண்டோஸ் 98. பின்னாடி அந்த மஞ்சள் ஓட்டை. சிங்கப்பூர்ல இருந்து வந்த சித்தப்பா ஒரு ஜாய்ஸ்டிக் கொண்டு வந்தார். மாட்டினா விமானம் எப்பவும் இடது பக்கமே சாயும். நான் நாற்காலியை வலது பக்கம் சாய்ச்சு உக்காந்து ஓட்டினேன். காலிபரேஷன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிய ஆறு மாசம் ஆச்சு!

அப்புறம் விண்டோஸ் விஸ்டா அந்தப் போர்ட்டுக்கு ஆதரவை நிறுத்திடுச்சு. 2009ல புதுப் பொட்டி வாங்கினப்ப பின்னாடி மஞ்சள் ஓட்டையே இல்லை. ஜாய்ஸ்டிக் பரணுக்குப் போச்சு. ஒரு ரிப்பேரும் இல்லாத பொருள், செருக ஓட்டை இல்லாததால குப்பை ஆச்சு.

பொத்தான் ஒண்ணு, பேர் நாலு

அதுக்கு மாற்றா வந்தது 1996ல அறிமுகமான யூஎஸ்பி. மாட்டின உடனே சாதனம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கும்: 'நான் கேம்பேட், எனக்கு ரெண்டு குச்சி, பத்துப் பொத்தான்.' நல்ல ஏற்பாடு. ஆனா பொத்தானுக்கு அது சொல்ற பேர் 1, 2, 3, 4. எது எங்கே இருக்குன்னு சொல்லாது. ஒரு கம்பெனியோட 1 கீழ இருக்கும், இன்னொருத்தரோடது மேல இருக்கும். விலாசம் இல்லாத ராமநாதன் கதைதான்.

2005ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்ப மைக்ரோசாப்ட் எக்ஸ்இன்புட்னு கொண்டு வந்தாங்க. எல்லாரும் எங்க கன்ட்ரோலர் மாதிரியே இருங்க, பேர்க் குழப்பம் இல்லைன்னாங்க. விண்டோஸ்ல வேலை சுலபம் ஆச்சு. பழைய வழி, புது வழின்னு மாத்த சில கன்ட்ரோலருக்கு அடியில ஒரு குட்டி சுவிட்சே இருக்கும்.

இதுக்கு நடுவுல ஜப்பான், அமெரிக்கா சண்டை வேற. நிண்டெண்டோவுல 'ஏ' வலது பக்கம், எக்ஸ்பாக்ஸ்ல 'ஏ' கீழே. ப்ளேஸ்டேஷன்ல ஜப்பான்காரங்களுக்கு வட்டம்னா சரி, பெருக்கல் குறின்னா வேண்டாம். மேற்கத்திய நாட்டுல நேர் தலைகீழ். 2020ல ப்ளேஸ்டேஷன் 5 வந்தப்பதான் எல்லாருக்கும் பெருக்கல் குறியே சரின்னு முடிவு பண்ணினாங்க.

லினக்ஸ்காரங்க நல்ல யோசனை ஒண்ணு பண்ணினாங்க. எழுத்தே வேண்டாம், திசையைச் சொல்லிடுவோம். கீழ் பொத்தான் தெற்கு, வலது கிழக்கு, மேலே வடக்கு, இடது மேற்கு. அருமைல? ஆனா பழைய பேரையும் விட மனசில்லாம 'எக்ஸ்'னா வடக்கு, 'ஒய்'னா மேற்குன்னு எழுதி வச்சுட்டாங்க. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல எக்ஸ் இருக்கிறது மேற்கு! இன்னிக்கும் அந்தக் குழப்பம் உள்ளே இருக்கு. ஒரு தடவை வச்ச பேரை மாத்தறது எவ்வளவு கஷ்டம்னு பதிவர்களுக்குச் சொல்லணுமா?

2013ல வந்த எஸ்டிஎல் 2 இன்னொரு வழி பிடிச்சுது. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு அடையாள எண். தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் சேர்ந்தது. அந்த எண்ணுக்கு எதிரே 'இதோட 3ம் பொத்தான்தான் தெற்கு' அப்படின்னு ஒரு வரி. உலகம் பூரா இருக்கிறவங்க தங்க கன்ட்ரோலரை அமுக்கிப் பார்த்து வரி வரியாச் சேர்த்த பொதுப் பட்டியல் இருக்கு. சிடிடிபி கதையேதான், ஆனா இந்தத் தடவை யாரும் பூட்டு போடலை.

பாட்டு நூலகமும் கன்ட்ரோலரும் திரும்பச் சந்திச்ச இடம் கோடி மென்பொருள். 2002 வாக்குல பழைய எக்ஸ்பாக்ஸ்ல படம், பாட்டு ஓட்ட ஹாபியா எழுத ஆரம்பிச்சது. எக்ஸ்பிஎம்சின்னு பேர் வச்சாங்க. 2007ல லினக்ஸுக்கு வர ஆரம்பிச்சு, 2014ல கோடின்னு பேர் மாறிச்சு. அது பிறந்ததே விளையாட்டுப் பொட்டியில. அதனால ஆரம்பத்துல இருந்தே சோபாவுல உக்காந்து கன்ட்ரோலர்ல ஓட்டுற மாதிரிதான் அதோட திரை.

பேய் ஓட்டின விதம்

எங்க வளவுல பட்டியல் தானா ஓடினதுக்கு முதல்ல நான் சந்தேகப்பட்டது குச்சி தேய்மானம். உள்ளே இருக்கிற கார்பன் படலம் தேய்ஞ்சா, நடுவுல விட்டாலும் லேசாச் சாஞ்ச மாதிரியே சொல்லும். அதுக்கு மருந்து 'டெட் ஸோன்'. நடுவுல கொஞ்ச தூரம் அசைஞ்சாலும் கண்டுக்காதேன்னு சொல்றது. எக்ஸ்இன்புட்ல இடது குச்சிக்கு மைக்ரோசாப்ட் சொல்ற அளவு 32767ல 7849, அதாவது கிட்டத்தட்ட கால்வாசி. வச்சுப் பார்த்தேன், நிக்கலை. பாதி வரைக்கும் ஏத்தினேன், அப்பவும் நிக்கலை. தேய்மானமா இருந்தா இந்நேரம் அடங்கியிருக்கணும்.

அப்புறம்தான் புத்தி வந்து, நடுவுல இருக்கிற மென்பொருளையெல்லாம் விலக்கிட்டு கன்ட்ரோலர் நேரடியா என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். லினக்ஸ்ல ஜேஎஸ்டெஸ்ட்னு குட்டி நிரல். விண்டோஸ்ல கன்ட்ரோல் பேனலுக்குள்ள 'கேம் கன்ட்ரோலர்ஸ்'னு பழைய ஜன்னல் இன்னும் இருக்கு. ஒரு அச்சு மட்டும் தொடாமலே மைனஸ் 32767ல நின்னுச்சு. விரலால அமுக்குற டிரிக்கரோட அச்சு அது. அமுக்காத நிலைக்கு அது சொல்ற எண்ணே மைனஸ் கோடி. அது தப்பு இல்லை, அதோட சுபாவம். ஆனா கோடிக்கு அந்த அச்சு 'வலது குச்சி, மேலே'ன்னு சொல்லப்பட்டிருந்துச்சு. யாரோ குச்சியை முழுசா மேல தள்ளிப் பிடிச்சிருக்காங்கன்னு அது நினைச்சு ஓடிகிட்டே இருந்திருக்கு, பாவம்.

ஏன் தப்பாச் சொல்லப்பட்டுச்சு? மலிவுக் கன்ட்ரோலர் பலதுக்கு உள்ளே ஒரே சிப், அதனால ஒரே அடையாள எண். வெளியே வெவ்வேறு உருவம். என்னோட கன்ட்ரோலருக்கு, அதே எண் உள்ள வேற ஒண்ணோட வரி பொருந்திடுச்சு. அஞ்சு ராமநாதன், ஒரே விலாசம்! ஒவ்வொரு பொத்தானா அமுக்கி என் வரியை நானே எழுதினேன். பத்து நிமிஷ வேலை. அதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள்.

உங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா வரிசை இதுதான்: கேபிளையும் வேற யூஎஸ்பி ஓட்டையையும் பாருங்க. மோட் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. வேற எந்த மென்பொருளும் நடுவுல இல்லாம நேரடி எண்ணைப் பாருங்க. அங்கேயே ஆடினா ஹார்டுவேர். அங்கே ஒழுங்கா இருந்து மேலே ஆடினா பேர்க் குழப்பம். டெட் ஸோன் கடைசியில.

அப்பத்தாவுக்காக அக்காவோட நெயில் பாலிஷ்ல தெற்குப் பொத்தான்ல ஒரு சிவப்புப் புள்ளி வச்சேன். கிழக்குல ஒண்ணும் வைக்கலை. "சிவப்பு அமுக்கினா பாடும், பக்கத்துல அமுக்கினா திரும்பி வரும்." நாப்பது வருஷத் தொழில்நுட்பச் சண்டை அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துச்சு.

பேர் எழுதாத கேசட்

பாக்கி இருந்தது நாப்பது தெரியாத பாடகர்கள். அதுல பாதி, கேசட்ல இருந்து நான் ஏத்தினது. ஐயா 80கள்ல ஈப்போவுல கடைக்கணக்கு பார்த்தார். போன் பேசினா காசு, கடிதம் எழுதினா எல்லாத்தையும் எழுத முடியாது. அதனால கேசட்ல பேசி, ஊருக்கு வர்றவங்க கையில குடுத்து விடுவார். இங்கேர்ந்து பின்பக்கத்துல பதில் பேசி அனுப்புவாங்க. 14 கேசட். தேதியும் இல்லை, பேரும் இல்லை. பேசினவங்களுக்கும் கேட்டவங்களுக்கும் யார் குரல்னு தெரியுமே, எதுக்கு எழுதணும்?

ஏத்தும்போது நான் ஒரு காரியம் பண்ணினேன். பேச்சு முடிஞ்சு வெறும் இரைச்சல் வர்ற இடத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சேன். ஒரு கேசட் கடைசியில நாலு நிமிஷம், டேப் இரைச்சலும் தூரத்துல ஏதோ முணுமுணுப்பும். அதையும் வெட்டினேன். நல்ல வேளையா, வெட்டறதுக்கு முன்னாடி எடுத்த முழு பைலை அழிக்கலை. ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி ஆகுதேன்னு ரெண்டு தடவை அழிக்கப் பார்த்தேன். சோம்பேறித்தனம் காப்பாத்துச்சு.

அப்பத்தா சிவப்பை அமுக்கி ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து எழுதினேன். "இது உங்க ஐயா. இது அங்க சமையல் பார்த்தவர். இது உங்க அப்பன், எட்டு வயசு இருக்கும்." அந்தக் கேசட் முடிஞ்சதும், "மீதி எங்க?" அப்படின்னாங்க.

"அவ்வளவுதான் அப்பத்தா."

"இல்லையே. பேசி முடிச்சுட்டு நிறுத்தத் தெரியாம அப்படியே வச்சுட்டுப் போனோம். எங்க மாமியா இரண்டாங்கட்டுல பேரனைத் தூங்கப் பண்ணிக்கிட்டு இருந்தாக. அதும் விழுந்துருச்சுன்னு ஐயா கடிதாசியில எழுதினாரே."

முழு பைலைத் தேடி எடுத்துப் போட்டேன். ஹெட்போன் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினா, நான் முணுமுணுப்புன்னு நினைச்சது தாலாட்டு. கொள்ளுப்பாட்டி 1985லயே போயிட்டாங்க. ஒரு போட்டோ கூட வீட்டுல கிடையாது. அவங்க இருந்ததுக்கு இருக்கிற ஒரே தடம் அந்த நாலு நிமிஷம். அதுக்கு நான் வச்சிருந்த பேர் 'நாய்ஸ்'.

பொங்கல் லீவுல ஒன்பது கேசட் முடிஞ்சுது. அஞ்சு பாக்கி. போன மாசம் திரும்ப ஊருக்குப் போய் பத்தாவதைப் போட்டேன். ஒரு பெண் குரல், நல்லாத் தெளிவா, எல்லாரையும் பேர் சொல்லி விசாரிக்குது. அப்பத்தா ரெண்டு தடவை கேட்டாங்க. "தெரிஞ்ச குரலாத்தான் இருக்கு. யாருன்னு வர மாட்டேங்குதே ராசா." அவங்களுக்கு 86. ஆறு மாசம் முன்னாடி கேட்டிருந்தா வந்திருக்குமோ என்னவோ.

இப்ப அந்த பைலுக்கு 'தெரியாதவர்'னுதான் பேர். ஆனா அது மென்பொருள் வச்ச 'தெரியாத பாடகர்' இல்லை. குறிப்புப் பகுதியில எழுதி வச்சிருக்கேன்: 'பெண் குரல், அப்பத்தாவுக்குத் தெரிஞ்சவர், ஊர்ல எல்லாரையும் பேர் சொல்லி விசாரிக்கிறார், 1983 வாக்குல.' முப்பது பைட்டுல அடங்காதுதான். நல்ல வேளை, இப்ப அந்த அளவு இல்லை. அடுத்த வாரம் மதுரையில இருக்கிற பெரிய அத்தைகிட்ட அந்தத் துண்டை எடுத்துகிட்டுப் போறேன்.

போர்ட்டு போனா மாத்துப் போர்ட்டு வாங்கலாம். பொத்தான் பேர் தப்புன்னா அமுக்கிப் பார்த்துத் திருத்தலாம். இதுக்கு மட்டும் அமுக்கிப் பார்க்கப் பொத்தான் கிடையாது. கேக்கிறதுக்கு ஆள் இருக்கணும். உங்க வீட்டுலயும் பேர் எழுதாத கேசட், போட்டோ இருந்தா, ஸ்கேனர், டெக் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துகிட்டுப் போய் பெரியவங்க பக்கத்துல உக்காருங்க.

டிஸ்கி 1: கேசட் ஏத்தறவங்க முழு பைலை அழிச்சுடாதீங்க. வெட்டறதை நகல்ல வெட்டுங்க.

டிஸ்கி 2: பரண்ல இருந்த பழைய ஜாய்ஸ்டிக்குக்கு 15 ஊசியை யூஎஸ்பியா மாத்துற அடாப்டர் கிடைச்சுது. விமானம் இன்னும் இடது பக்கம்தான் சாயுது :-)